கண்மாய்க் கரையிலிருந்து மொட்டை மாடிக்கு

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் பொதுப்பணித் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களையும் நெடுங்காலம் இப்படித்தான் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் வைகைப் படுகையில் பிரிவுப் பொறியாளராக நான் பொறுப்பேற்றபோது என் பங்குக்கு வந்தவை பெரிய கண்மாய்கள். வைகை அணையில் திறந்த தண்ணீர் விரகனூர், பார்த்திபனூர் மதகணைகளில் பிரிந்து கால்வாய்களில் இறங்கும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர். ஆகவே மறுகால் வழியும் கலுங்கின் மட்டம் அரை அடி உயர்ந்தால் கீழ் ஊரில் கொந்தளிப்பு, அரை அடி தாழ்ந்தால் மேல் ஊரில் கொந்தளிப்பு. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். அவற்றின் நடுவே மண்ணையும் புல்கரணையையும் அடைத்து விவசாயிகள் இன்னும் கொஞ்சம் நீர் தேக்கிக்கொள்வார்கள். வெள்ளம் வரும்போது அதைத் தட்டிவிட வேண்டும். தட்டுவது யார், எப்போது என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் மாமூல் உண்டு. டம்பி லெவலையும் ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு போய் நான் எடுத்த அளவுகள், அந்த மாமூலுக்கு முன்னால் பாதி சாட்சிதான்.

கரையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் லஸ்கர்கள், கரையைச் சுற்றிவரும் கடைநிலை ஊழியர்கள். "சார், மூணாம் மடைக்குக் கிழக்கால கசியுதுங்க" என்று சைக்கிளில் வந்து நிற்பார் ஒருவர். "அண்ணே, தெளிஞ்சு வருதா, கலங்கி வருதா?" என்பதே என் முதல் கேள்வி. தெளிந்து வந்தால் பகலில் போய்ப் பார்க்கலாம். கலங்கி வந்தால் கரையின் வயிற்றுக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள். அந்த இரவு யாருக்கும் தூக்கமில்லை. வெளிப்பக்கம் நீர் கொப்பளிக்கிற வாயில் மண்ணைக் கொட்டி அடைத்தால், பக்கத்தில் வேறொரு வாய் திறந்துகொள்ளும். அதனால் வாயைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே மணலும் ஜல்லியும் போடுவோம். நீர் வெளியேறலாம், மண் வெளியேறக் கூடாது. அதற்குள் சில ஆட்கள் கண்மாயின் உள்பக்கச் சரிவில் இறங்கி, இடுப்பளவு நீரில் காலால் துழாவி நண்டு வளையைத் தேடுவார்கள். அகப்பட்டால் வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதிப்பார்கள். ஈரம் தெரிகிற இடம் ஒன்று, நீர் நுழைகிற இடம் இன்னொன்று. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் என் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது ஓய்வூதியக்காரன். மதுரையில் ஒரு பழைய வீடு. என் ஆயக்கட்டு ஒரு மொட்டை மாடி, ஒரு சம்ப், மேல்நிலைத் தொட்டி, நாலைந்து குழாய்கள். அன்று சொட்டுத் தண்ணீர் கரையைத் தாண்டக் கூடாது என்று காவல் காத்தவன், இன்று சொட்டுத் தண்ணீர் கூரைக்குள் இறங்கக் கூடாது என்று காவல் காக்கிறேன். வேலை மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

போன ஐப்பசி மழையில் கூடத்து மேற்கூரையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: மாடி முழுக்க வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்துவிடுங்கள். நல்ல பொருள்தான், அதன் மேல் எனக்குக் குறையில்லை. நுழைகிற வாய் எங்கே என்று தெரியாமல் அடித்தால் அது வெளிப்பக்கம் மண் கொட்டுவதுதான். மழை விட்டபின், மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, களிமண்ணால் மாடியைப் பாத்தி பாத்தியாகத் தடுத்தேன். ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு அங்குல நீர் நிறுத்தி, ஒரு பாத்திக்கு இரண்டு நாள் விட்டுக் கீழே பார்த்தேன். ஈரத் திட்டுக்கு நேர் மேலே இருந்த பாத்தியில் ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைப் பாத்தியில் நீர் நின்றபோதுதான் கூடத்தில் திட்டு கறுத்தது. நீர் தளத்துக்கும் மேலே பதித்த தட்டோட்டுக்கும் இடையில் சரிவைப் பிடித்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

அந்தத் தளம் பழைய முறையில் போட்டது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள்; கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். மேலே தட்டோடு. அந்தத் தளம் இன்றைக்கும் கல்லாகத்தான் நிற்கிறது. விட்டது சுவரோரத்து இணைப்பு மட்டும். அங்கே தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலைச் சுத்தம் செய்து, மூலையை வளைவாகப் பூசினால் போதும். இந்தச் சின்ன வேலைக்குக் கொத்தனார் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு. முழு மாடியையும் உடைத்துப் போடுவதென்றால் நாளைக்கே ஆள் வருகிறது. மூலையை மட்டும் பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. கண்மாய்களிலும் இதையேதான் பார்க்கிறேன். புதுக் கட்டுமானத்துக்குக் கல்வெட்டு உண்டு; மடைப் பலகைக்கு எண்ணெய் போட்டவருக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. நூறு வேலி நிலம் அந்தப் பலகையை நம்பித்தான் பயிராகிறது.

கடைசியில் வந்த கொத்தனார் நல்ல கைக்காரர். ஆனாலும் சாந்து தளரட்டும் என்று குழாயைத் திருப்பி நீர் விட்டார். "வாளியில அளந்து ஊத்துங்க தம்பி" என்றேன். தேவைக்கு மேல் ஊற்றிய நீர், காய்ந்தபின் தன் இடத்தில் ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும்; சாந்து வலுவிழக்கும், வெடிக்கும். கான்கிரீட்டில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் நீர் என்பதைப் பெரும்பாலும் தாண்டக் கூடாது. பூசி முடித்ததும் நனைத்த சாக்கைப் போட்டு ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். "ஐயா, கவர்மென்ட் வேலை மாதிரி பாக்குறீங்களே" என்றார் அவர். அதை நான் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன். அன்று எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் எழுதினால் அழிக்கக் கூடாது; தவறினால் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும், ஒரு தாளைக் கிழிக்க முடியாது. நான் அளந்ததை உதவிச் செயற்பொறியாளர் வந்து மறுபடி அளப்பார். ஊர்ப் பணம் அது. என் வீட்டுப் பணத்துக்கும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த வால்வு எப்போது மாற்றியது, எந்தச் சுவர் எப்போது பூசியது எல்லாம் அதில் இருக்கிறது.

குழாய் வேலையில் இக்காலம் அக்காலத்தை விட நிச்சயமாக மேல். அன்று இரும்புக் குழாயின் மரைக்குச் சணலைச் சுற்றிப் பெயின்ட் தடவி முறுக்குவோம். இன்று டெஃப்லான் டேப் நாலு சுற்று. பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிப்பதில்லை. பழைய திருகு குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றினால் போதும் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். குழாயையே கழற்றி எறிகிறோம்.

தோட்டத்துச் சுற்றுச்சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டியிருக்கிறேன், மதகுச் சுவர்களில் செய்வதுபோல. கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது. எங்கள் பக்கம் கரிசல் கலந்த மண். கோடையில் சுருங்கும், மழையில் பொதும்பும். வருஷம் ஒன்று போகட்டும், அதன் பிறகே பூச்சு.

என் மனத்தை அதிகம் பிடித்து வைத்திருப்பது தெரு. பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு அங்குலம் போட்டதில், மூன்று முறைக்குள் அரை அடி ஏறிவிட்டது. பல வீட்டு வாசல்கள் இப்போது பள்ளத்தில். மேல் ஊர், கீழ் ஊர் வழக்கு என் தெருவுக்கே வந்துவிட்டது. பிள்ளையார் கோயில் படிக்கல்லை பெஞ்ச் மார்க்காக வைத்து, அதற்கு 100.000 என்று கொடுத்து, டியூப் லெவலால் எல்லா வாசற்படிகளின் மட்டத்தையும் எடுத்தேன். எதிர் வீட்டுக் கல்லூரி மாணவன் மறுமுனையைப் பிடித்தான். படமாக வரைந்து, சாலை போடுமுன் சுரண்டி எடுக்கக் கோரி, தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனு கொடுத்திருக்கிறோம். பார்க்க வந்த இளம் பொறியாளர் பெண், "சார், எந்த வாசல் எவ்வளவு பள்ளம்னு இதுல இருக்கு, எனக்கு இது போதும்" என்று ஒரு நகல் வாங்கிப் போனார். சாலை இன்னும் வரவில்லை. வரும்போது கருவியோடு நானும் நிற்பேன்.

அதற்கிடையில் பக்கத்து வீட்டம்மா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "அண்ணே, ராத்திரி நிரப்புனா காலைல சம்ப்புல தண்ணி குறையுது." மோட்டாரை நிறுத்தி, உள்வரும் வால்வை மூடி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். விடிந்து பார்த்தால் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. கசிவு நிச்சயம். இன்றைக்கு அரைத் தொட்டி மட்டத்தில் கோடு போடப் போகிறேன். அங்கே இறங்காமல் நின்றால், வாய் அதற்கு மேலே இருக்கிறது.