விடுதி வைஃபை வழி மின்னஞ்சல் விடு தூது: ஓர் ஆராய்ச்சி

இராஜபாளையத்துக்கு நூல், பேண்டேஜ் துணி முதலிய சரக்கை முன்னிட்டும், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளை முன்னிட்டும் வந்து லாட்ஜுகளில் தங்கும் பிரயாணிகள், இராப்போஜனம் முடிந்து அறைக்குத் திரும்பியதும், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவண்ணம் கட்டிலின்மேல் ஏறி நிற்பதும், ஜன்னலோரம் ஒதுங்குவதும், குளியலறை நிலைப்படியில் ஒரு காலை உள்ளும் ஒரு காலைப் புறமும் வைத்துத் தியானத்தில் ஆழ்வதும் யாவரும் கண்ட காட்சிகளே. எனினும் இந்த அனுஷ்டானத்தின் காரணத்தையும் பலாபலத்தையும் சாஸ்திர ரீதியாக விசாரித்த நூல் இதுகாறும் வெளிவந்திலாமையால், அக்குறையைச் சிறிதேனும் நிவர்த்திக்க இவ்வாராய்ச்சி புகுகின்றது.

தூது என்னும் பிரபந்தத்துக்குரிய பொருள்கள் அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தே என்று இலக்கணம் வரையறுத்தது. ஆயினும் பிற்காலத்துப் புலவர்கள் பணத்தையும் புகையிலையையுங்கூடத் தூது விட்டு அவ்வரையறையைத் தளர்த்திவிட்டமையால், வைஃபையையும் அவ்வரிசையில் சேர்ப்பது வழுவாகாது. அன்றியும் இவ்வட்டாரத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு முன்னுரிமை உண்டு. நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் பதிகத்தில் குயிலையும் எட்டாம் பதிகத்தில் மேகத்தையும் தூது ஏவிய ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணே. அந்த மேகம் போகவேண்டிய திருவேங்கடம் இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போகும் வழியில் யாரேனும் அதைத் தடுத்து நிறுத்தி, அறை எண்ணும் பாஸ்வேர்டும் கேட்டதாகப் அத்திருமொழிக்கு உரை வகுத்த பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்தில் குறிப்பு ஏதும் இல்லை.

இதே 500 கிலோமீட்டரைக் கண்ணாடி இழையில் செல்லும் ஒளி, வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில், ஒரு வினாடியின் நானூற்றில் ஒரு பங்கில் கடந்துவிடும். ஆகவே ‘அனுப்பப்படுகிறது’ என்ற சொல் திரையில் அரைமணி நேரம் நிலைத்து நிற்குமாயின், அவ்வரைமணியில் ஒரு வினாடிகூட வழித்தூரத்தால் செலவானது அன்று. முழுவதும் கட்டிலுக்கும் லாட்ஜின் வாசற்படிக்கும் இடையிலேயே கழிந்தது என்பது பெறப்படும். இதுவே எமது சித்தாந்தம்.

இதற்குப் பூர்வபட்சமாக, “சிக்னல் நிறைய இருக்கிறதே” என்று சிலர் வாதிப்பர். இது பிரத்தியட்சப் பிரமாணத்தை அளவுக்குமேல் நம்புவதால் விளையும் மயக்கம். கைப்பேசியின் நெற்றியில் தோன்றும் அந்த வளைகோடுகள், வராந்தாவில் தொங்கும் ரவுட்டருக்கும் நமக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டுமேயன்றி, அந்த ரவுட்டருக்கும் உலகத்துக்கும் உள்ள உறவைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லா. அந்த நெருக்கந்தானும் எளிதில் வாய்ப்பதன்று. பழைய ரவுட்டர்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதாவது அரைச்சாணுக்குச் சற்று மேல். கம்பி கட்டிய கான்கிரீட்டும், இரும்பு பீரோவும், நீர் நிறைந்த பொருள்களும் அதை விழுங்கவோ திருப்பவோ வல்லவை. மனித தேகமும் பெரும்பகுதி நீரேயாதலால், பிரயாணி பல சமயம் தமக்குத் தாமே தடையாக நிற்கிறார். கட்டில்மேல் ஏறியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் சிக்னல் வருவதன் ரகசியம் இதுதான். மூன்றாம் பிரமாணமாகிய ஆப்தவாக்கியத்தை ரிசப்ஷனில் பெறலாம்: “அண்ணாச்சி, மாடிக்கு நெட்டு கொஞ்சம் மந்தந்தான். படிக்கட்டுப் பக்கம் வந்து நின்னுக்கிடுங்க, இப்ப வந்துரும்.” நான் ஆராய்ந்தவரை, இவ்வாக்கியத்தின் முற்பகுதி என்றும் பொய்த்ததில்லை.

அடுத்தது வாயில்காவலரைப் பற்றிய விசாரணை. முதற் காவலர், நாம் எந்தப் பக்கத்தைத் திறக்கப் போனாலும் அதை மறித்துத் தம் பக்கத்தை நீட்டி, கைப்பேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்பவர். இவரை வெறுப்பது நியாயமன்று. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டிப் பயங்கரவாதிகள் நவி மும்பையில் காவலற்றுக் கிடந்த ஒரு வைஃபையின் வழியாக மின்னஞ்சல் விடுத்த பிறகு, பொது வைஃபையில் நுழைவோர் இன்னார் எனத் தெரிந்திருக்க வேண்டுமென்று 2009இல் தொலைத்தொடர்புத் துறை பணித்தது. ஆயின் மின்னஞ்சல் செயலிக்கு அந்தப் பக்கத்தைக் காணக் கண் இல்லை. பிரவுசரைத் திறந்து நாமாகப் போய் வணங்கினாலன்றி, காவலர் கேட்பதும் செயலி விழிப்பதும் விடியுமளவும் தொடரும். இரண்டாம் காவலர் இன்னும் கடுமையானவர். 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் விதியின்படி கடிதங்கள் 25ஆம் எண் வாயிலால் (போர்ட்) போகவேண்டும். வைரஸ் பிடித்த கணினிகள் அதே வாயிலால் குப்பைக் கடிதங்களை வாரி இறைத்தமையால், அதைப் பூட்டிவைப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. 1998இல் 587ஆம் வாயில் இதற்கெனவே திறக்கப்பட்டும், என்றோ யாரோ அமைத்துக்கொடுத்த கணக்கை அப்படியே சுமந்து திரியும் வியாபாரிகள் இன்றும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். காவலுக்குப் பேர்போன இராஜபாளையம் நாயின் உருவத்தை 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை தபால்தலையில் பொறித்தது என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்: அந்தக் காவலன் கடிதத்தின் நெற்றியில் அமர்ந்து அதனோடு ஊர் ஊராகப் போனான், இந்தக் காவலரோ கடிதத்தை ஊர் தாண்ட விடுவதில்லை.

இணைப்புகளின் இயல்பும் ஒன்று உண்டு. மின்னஞ்சல் முறை ஆதியில் எழுத்துக்களுக்காகவே ஏற்பட்டதாகையால், படமாயினும் பில்லாயினும் எழுத்து வேஷம் பூண்டே வழிச்செல்ல வேண்டும். அவ்வேஷத்தில் மூன்று பங்கு நாலு பங்காகப் பருக்கிறது. கடிதத்தின் மொத்தப் பருமனை இருபத்தைந்து மெகாபைட்டாக வரையறுக்கும் அஞ்சல் சேவை பத்தொன்பது மெகாபைட் கோப்பிலேயே முகம் சுளிப்பது இதனாலேதான். முகூர்த்த நாளில், கல்யாண வீட்டார் லாட்ஜ் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு வீடியோவாகப் பார்த்திருக்கும் வேளையில், இந்தப் பருத்த தூது புறப்படுவதைப்பற்றிப் பேசாமலிருப்பதே நலம்.

இனி, தூதின் பயன். சென்ற தூது தலைவனிடமிருந்து மாலை வாங்கி வரவேண்டும் என்பது இப்பிரபந்தத்தின் மரபு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மரபு எதிர்த்திசையில் வழங்குகிறது: ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கு இங்கிருந்தே போகிறது, அதற்கு ஓ.டி.பி. தேவைப்படுவதில்லை. மின்னஞ்சல் தூதுக்கோ, படிக்கட்டில் நின்று, பக்கத்தை வணங்கி, வாயில் எண்ணை மாற்றி, நள்ளிரவில் ஒருவாறு அது போய்ச் சேர்ந்ததும், மறுநொடியே பதில் வந்துவிடுகிறது. தாம் வெளியூர்ப் பிரயாணத்தில் இருப்பதாகவும், தங்கியுள்ள விடுதியில் நெட் சரியில்லை ஆதலால் அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகே கடிதங்களைப் பார்வையிட இயலும் என்றும், பெறுநர் தானியங்கியாக அமைத்துவைத்த பதில் அது.