சுடத் தெரிந்தால் போதாதா?

கேள்வி: சிப்பாய்க்குக் குறிபார்த்துச் சுடத் தெரிந்தால் போதாதா? துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று எதற்குப் பாடம் நடத்துகிறார்கள்?

பதில்: போதாது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. எம்-16 துப்பாக்கி புதிதாக வந்தபோது, அதை அதிகம் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சு பரவியது. பலருக்குத் துடைக்கும் கருவிகளே கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு வெடிமருந்தின் வகையை மாற்றியிருந்தார்கள். தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. கரியும் துருவும் சேர, சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கியது. எதிரி சுட்டுக்கொண்டிருக்க, இவர்கள் குழலுக்குள் கம்பியை விட்டுக் கூட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

1967-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பூச்சும் கருவிகளும் வந்தன. கூடவே பாடமும் வந்தது: சித்திரக்கதை மேதை வில் ஐஸ்னரின் ஓவியங்களோடு 1968-இல் ராணுவமே ஒரு படக்கதைக் கையேடு வெளியிட்டது.

துப்பாக்கிக்குள் நடப்பது இதுதான்: தோட்டா வெடித்ததும் வாயுவில் ஒரு பங்கு சிறு குழாய் வழியே திரும்பி வந்து, தோட்டா அறையை அடைத்திருக்கும் போல்ட்டைப் பின்னே தள்ளும். அது கூட்டை இழுத்து வெளியே எறியும். சுருள்வில் போல்ட்டை முன்னே தள்ள, அடுத்த தோட்டா ஏறும். இந்த ஓட்டம் மனதில் பதிந்தவருக்கு எங்கே கரி படியும், எதைத் துடைக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

துப்பாக்கியைத் தோளில் ஏற்றுவது கிடங்கின் வேலை. தலையில் ஏற்றுவது ஆசிரியரின் வேலை. முதலாவதை மட்டும் முடித்துவிட்டு ஒரு பிள்ளையைக் களத்துக்கு அனுப்புவது அநியாயம்!