சவரக்கத்திக்கு ஓர் அம்மச்சிப்பிலாவு

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்றொரு பலாமரம். எதிரிகளான எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்த, மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஊர்க்கதை. 1729-இல் திருவிதாங்கூர் சிம்மாசனம் ஏறியவருக்கு மரப்பொந்து போதும். நம் காலத்துச் சவரக்கத்திக்குப் போதாது. அதற்குத் தோல் உறை, உள்ளே வெல்வெட், மேலே காந்தப் பூட்டு. சில உறைகளின் விலை, உள்ளே படுத்திருக்கும் கத்தியின் விலையைத் தாண்டிவிடும்.

முன்பு நாவிதர் கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, தீட்டும் தோல்வார் எல்லாவற்றையும் ஒரே அடைப்பத்தில் திணித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பிறகு ஊர்களுக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது: 1956 நவம்பர் 1-இல் பாறசாலை கேரளத்தில் நின்றது. பக்கத்துக் களியக்காவிளை சென்னை மாநிலத்துக்குப் போனது. தாடி மட்டும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வளர்ந்தது.

உறை பயணத்துக்காம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அந்த ரயில் பயணத்தில் கத்திக்கு அப்படி என்ன ஆபத்தோ! சரி, வளைகுடாவுக்குப் பறப்பவருக்காவது உதவுமா? விமானத்தில் கைப்பையில் தனி பிளேடை அனுமதிக்கமாட்டார்கள், வெல்வெட்டில் படுத்திருந்தாலும். பிளேடு குப்பைத்தொட்டிக்குப் போகும். உறை பத்திரமாகத் துபாய் போய்ச் சேரும்.