ஏறியவர் யார்?

கே: பாஸ் லினக்ஸ் படிமத்தைப் பென்டிரைவில் இட்டு, நிறுவாமலே இயக்கி, 'மவுன்ட்' என்று தட்டினேன். நான் ஏற்றாத கோப்பு முறைமைகள் வரிசையாக வருகின்றன. வைரஸா?
- ஒரு வாசகர், சித்தூர்

ப: இல்லை. திருமலைக்கு அவ்வளவு அருகில் இருக்கும் நீங்கள், ஏறியவர்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்கலாமா? அலிபிரி வழியா, ஸ்ரீவாரி மெட்டு வழியா என்று கேட்பதுபோல, ஒவ்வொன்றும் எங்கிருந்து ஏறியது என்று கேளுங்கள். வரியின் முதல் சொல்லே பதில். பிராக், சிஸ்எஃப்எஸ், டெம்ப்எஃப்எஸ் எல்லாம் கர்னல் நினைவகத்தில் உருவாக்குபவை; அவற்றுக்கு வட்டே தேவையில்லை. பிராக் அடைவிலுள்ள ஃபைல்சிஸ்டம்ஸ் கோப்பில் அவற்றின் முன்னால் 'நோடெவ்' என்றிருப்பதே சாட்சி. ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது முழு இயங்குதளத்தையும் சுருக்கி வைத்திருக்கும் கோப்பு முறைமை. லூப் சாதனமாக ஏறும், அதில் எழுத முடியாது. பிறகு உங்கள் கோப்பு எப்படிச் சேமிக்கப்படுகிறது? அதற்குத்தான் மேலே ஓவர்லே அடுக்கு. மாற்றங்கள் ராமில் தங்கி, கணினியை அணைத்ததும் மறையும். இவை ஏறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

'எஸ்டிஏ என்றும் ஒன்று இருக்கிறதே' என்பீர்களானால், அது நியாயமான சந்தேகம். சில கணினிகளில் பென்டிரைவே அந்தப் பெயரில் வரும். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை காட்டும் கொள்ளளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்தான் என்றால், கோப்பு மேலாளரில் அதன் படத்தை ஒருமுறை சொடுக்கியிருந்தாலே மீடியா அடைவில் ஏறியிருக்கும். சொடுக்காமலே ஏறியிருந்தால் படிமத்தையே சோதிக்க வேண்டும். பொதுப் படிமத்தை யாரோ திருத்திச் செய்த நகலானால், எஃப்எஸ்டேப் கோப்பில் அவருடைய கணினியின் வரிகள் தங்கியிருக்கலாம். தரவிறக்கிய படிமத்தின் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். ஏறிய பகுதியை இறக்கிவிட்ட பிறகே நிறுவத் தொடங்குங்கள்.