தொரைக்கும் லைனுக்கும் நடுவுல ஒரு பூசாரி

வாடா பேராண்டி! ஒரகடத்துல வெளிநாட்டுக் கம்பெனி வேலையாமே? கழுத்துல அட்டை, வாயில இங்கிலீஷு. நல்லா இரு. ஆனா என்னமோ 'கிராஸ் கல்ச்சுரல் ட்ரெயினிங்'னு ஏசி ரூமுல உக்கார வெச்சாங்களாமே? பாஷை தெரியாதவன் கிட்ட வேல வாங்குறதுக்குப் பாடமா? கேட்டதும் சிரிப்பு தாங்கல எனக்கு.

மல்ட்டிநேஷனல் எங்களுக்கு இன்னா புதுசா? கம்பெனியே வந்து கோட்டையப் புடிச்ச ஊருடா செஞ்சி! 1750ல பிரெஞ்சுக் கம்பெனி ராவோட ராவா ஏறிப் புடிச்சுது. 1761ல இங்கிலீஷ்காரன் கம்பெனி. அதுக்கும் முன்னாடி தெலுங்கு பேசுன நாயக்கரு, பீஜப்பூர் சுல்தானு, 1677ல சிவாஜி, 1698ல மொகலாயன், அப்புறம் நம்ம தேசிங்கு ராஜா. எத்தினி மேனேஜ்மெண்ட் மாறியிருக்கு பாரு! கீழ ஏரு ஓட்டுனவன் மட்டும் தமிழ்லயே மாட்ட அதட்டிக்கினு இருந்தான்.

புதுச்சேரியில பிரெஞ்சுக் கவர்னரு டூப்ளே தொரை எப்பிடி நிர்வாகம் பண்ணாரு? பக்கத்துல துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை. தொரை சொல்றத யாவாரிக்குச் சொல்லணும், யாவாரி சொல்றத தொரைக்குச் சொல்லணும். பிள்ளை 1736லேர்ந்து டைரி எழுதி வெச்சிருக்காரு, படி. தொரையோட சம்சாரத்துக்குத் தமிழு தெரியும். அந்தம்மா நேரா விவகாரத்துல நொழஞ்சா பிள்ளைக்கு எவ்ளோ எரிச்சல்! இருக்காதா? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்பாங்க. ரெண்டாவது பூசாரி வந்துட்டா மொதப் பூசாரிக்கு வவுறு எரியத்தானே செய்யும்?

பின்லாந்துல லிப்ட்டு செய்யுற கோனே கம்பெனிய 1990கள்ல படிப்பாளிங்க ஆராய்ஞ்சாங்க. பாஷை தெரிஞ்சவனுக்கு அவன் நாற்காலிக்கு மேலயே அதிகாரம் வந்துடுதாம்! இதுக்கு ஆராய்ச்சி வேற. எங்க தெருத் திண்ணைக்கு வந்திருந்தா ஒரு டீ செலவுல முடிஞ்சிருக்கும்.

ஜப்பான்ல ரக்குட்டன்னு ஒரு கம்பெனி. 2010ல மொதலாளி, இனிமே எல்லாம் இங்கிலீஷ்தான்னுட்டாரு. சாப்பாட்டுக் கூடத்து மெனு கூட மாறிப்போச்சு. ரெண்டு வருசம் கெடு, இங்கிலீஷு பரீட்சையில மார்க்கு வாங்கலன்னா பதவிக்கு ஆபத்து. இந்தப் பக்கம் ஜப்பான்காரன், அந்தப் பக்கம் ஜப்பான்காரன், நடுவுல மீட்டிங்கு இங்கிலீஷுல! உலகம் பூரா யாவாரம் பண்ண வேணுந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வேல தெரிஞ்சவன் வாயத் தொறக்கவே பயந்தா கம்பெனிக்கு லாபமா, நட்டமா?

உங்க கம்பெனியில மட்டும் இன்னா வாழுது? வழவழன்னு இங்கிலீஷ் பேசுறவனுக்குப் பிரமோஷன். மிஷினு நின்னுபோனா மட்டும் யாரைத் தேடி ஓடுறீங்க? மீட்டிங்குல கடைசி வரிசையில, வாயே தொறக்காம உக்காந்திருந்தவனத்தானே?

இங்கிலீஷு கத்துக்கோ. உங்க கம்பெனி நடத்துற கொரியாக்காரன் பாஷையும் கத்துக்கோ. நாலு காசு வரும். ஆனா நீயும் ஒரு பூசாரி ஆயிடாத. அந்தக் கடைசி வரிசைக்காரன் சொன்னதுல பாதிய முழுங்கிட்டு, மீதிய உன் யோசனை மாதிரி மேல சொல்லாத.

தொரைக்கு ஒண்ணு சொல்லு. லைன்ல எறங்கி, "சாப்டியா? மிஷின்ல இன்னா கோளாறு?"ன்னு நாலு வார்த்த தமிழ்ல கேக்கட்டும். மீதிய நம்மாளு கையாலயே காட்டிடுவான். ட்ரெயினிங்கு காசு மிச்சம். அத அப்பிடியே சம்பளத்துல சேத்துக் குடுக்கச் சொல்லு. அதுக்கு மட்டும் துபாசியே வேணாண்டா, எந்த பாஷைக்காரனுக்கும் புரியும்.