வேண்டாமென்றாலும் தூக்குவோம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெண்பிள்ளைக்கு ஏது பாதுகாப்பு என்று கேட்பவர்கள் 2025 மார்ச்சில் பரவிய வீடியோவைப் பார்க்கலாம். அஞ்செட்டி மலைப்பக்கம். பெண்ணுக்கு 14 வயது. பெங்களூரில் தாலி கட்டிய 29 வயது மாப்பிள்ளையோடு வாழமாட்டேன் என்று தாய்வீடு திரும்பிவிட்டாள். நடந்தால் கால் வலிக்குமே என்ற கரிசனத்தில் மாப்பிள்ளை தரப்பே அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கதறினாள். பார்த்தவர்கள் பண்பாடு தெரிந்தவர்கள். குடும்ப விஷயத்தில் தலையிடவில்லை. வீடியோ ஊரெல்லாம் ஓடிய பிறகுதான் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் விழித்தது. பெற்ற தாயும் கைதானார்.

எல்லை தாண்டி முகூர்த்தம் வைத்த சாமர்த்தியம்தான் என்ன! கர்நாடகத்தில் 2016 திருத்தப்படி குழந்தைத் திருமணம் கட்டும்போதே செல்லாது. நம் பக்கம் 2006 சட்டப்படி பொதுவாக அவள்தான் கோர்ட்டுக்குப் போய் ரத்து கேட்க வேண்டும். மைனர் என்றால் காப்பாளரோ வேண்டியவரோ மனுப் போடலாம். காப்பாளர் யார்? பந்தக்கால் நட்டவர்!

சரி, இன்னொருத்தி. 17 வயது. பிடித்த பையனோடு ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். 14 வயதுக்காரிக்கு அட்சதை போட்ட பெரியவர்களுக்கு இப்போது சட்டம் தலைகீழ்ப் பாடம். பையன் எந்தத் தெரு என்பதைப் பொறுத்துக் குரல் ஏறும். அவன் ஜெயிலுக்கு, அவள் குழந்தைகள் நலக் குழு வழியாகக் காப்பகத்துக்கு. எப்போது, எங்கே, எத்தனை தடவை என்று கேட்க ஆள் உண்டு. "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்பதற்குள் வேன் கிளம்பிவிடும். வளரிளம் காதலர்களைப் பிடிக்கப் போக்சோ வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. யார் காதில் விழுந்தது?

18 முடிந்ததும் அற்புதம் நடக்கிறது. புத்தியில்லை என்று பூட்டிவைத்தவளுக்கு ஒரே ராத்திரியில் புத்தி வந்து, கம்பெனி பஸ்ஸில் நைட் ஷிஃப்ட்டுக்கு ஏறலாம். செல்போன் பாகம் பூட்ட விரல் வேண்டுமே! ஷிஃப்ட் முடிந்து திரும்பினால் ஹாஸ்டலில் மறுபடி கேட், மறுபடி வார்டன்.

காதலென்று சொல்லி ஏமாற்றுகிறவன் இல்லையா? இருக்கிறான். அவன் யாரென்று அவள் சொன்னால்தானே தெரியும்? வாய் திறந்தால் பூட்டு என்று பழக்கிவிட்டால் யாரிடம் சொல்வாள்? பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் அடிப்படை நெறிகளில் ஒன்று. கேட்கத்தான், பெரியவர்களே, உங்களுக்கு நேரமில்லை. வேண்டாமென்றாலும் தூக்குகிறீர்கள், வேண்டுமென்றாலும் தூக்குகிறீர்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், தாராளமாக. அதற்குக் குழந்தைப் பாதுகாப்பு என்று போர்டு மாட்டாதீர்கள்.