மறுகா பூட்டுவம்

மட்டக்களப்பில் ஊருக்கு ஒரு கொம்பியூட்டர் அண்ணன் இருப்பார். கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மோட்டார் சைக்கிள், அதன் சீட்டுக்கு அடியில் ஒரு நட்சத்திர ஸ்குரூட்ரைவர், ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத அழிறப்பர். இவற்றோடு வாவியின் இருபுறமும் உள்ள எழுவான்கரையையும் படுவான்கரையையும் ஆண்டுவருகிறார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாம் சொல்லும் மிதவையில், பெட்டியை மடியில் வைத்து வாவி கடந்து அவரிடம் வந்தவர்களும் உண்டு.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வயரைப் பார்க்க மாட்டார், சுவிச்சைப் பார்க்க மாட்டார். பெட்டியில் காதை வைப்பார். கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுநுனியில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்ட பரம்பரை அல்லவா? கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்:

"ஒரு நீளம், ரெண்டு கட்டை. காட் போயித்து மனே."

சொல்வதில் பிழையில்லை. அவார்ட் பயோஸ் உள்ள பழைய போர்ட்களில் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குறுஞ்சத்தமும் கேட்டால் கிரஃபிக்ஸ் கார்டில்தான் கோளாறு. ஆனால் மூன்று சத்தம் கேட்டாலும், ஒரு சத்தமும் கேட்காவிட்டாலும், வீட்டுக்காரர் பிளக்கைச் செருகவே மறந்திருந்தாலும் அண்ணன் சொல்வது அதைத்தான்.

அடுத்து மூடி கழலும். உள்ளே எறும்பு, தூசி, பல்லி முட்டை. "இதுக்குள்ள குடும்பமே நடக்குது" என்று வீட்டு அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு. அக்கா வெட்கப்பட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போவார். அதுதான் அண்ணனுக்கு வேண்டியது. அந்த இடைவெளியில் கார்டைப் பிடித்து இழுப்பார். கார்ட் செருகியிருக்கும் குழியின் ஓரத்தில் ஒரு சின்னக் கொளுவி இருக்கும். அதை அமத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அமத்த மாட்டார். 'டக்' என்றொரு சத்தம். உடைந்த துண்டை ஜன்னலால் எறிந்துவிட்டு, "அது தேவையில்லாத சாமான்" என்பார்.

பிறகு அழிறப்பர். கார்டின் அடியில் மின்னும் பொன்நிறப் பற்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்ப்பார். அவருடைய வித்தை முழுவதும் இந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே உப்புக்காற்று. தங்கம் கறுக்காதுதான். ஆனால் பற்களில் இருப்பது மிக மெல்லிய பூச்சு. அதன் நுண்ணிய துளைகள் வழியே ஈரமும் உப்பும் இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும், மேலே அழுக்கும் படியும். கார்டுக்கும் குழிக்கும் தொடுப்பு விட்டுப்போகும். தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி நோய் தீரும். திரையில் படம் வந்ததும் அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைப்பார்: "செத்த காட்டுக்கு உசிர் குடுத்திருக்கன்."

அவருடைய பொற்காலம் டயல்-அப் காலம். ஐப்பசி, கார்த்திகையில் முதல் இடி விழுந்தால் மின்னல் ரெலிபோன் வயர் வழியே வந்து உள்ளிருக்கும் மோடம் கார்டை எரித்துவிட்டுப் போகும். அந்த இரண்டு மாதமும் அண்ணனுக்கு வீட்டில் சோறில்லை, போகிற வீடெல்லாம் சோறு. அடுத்து வந்தது டீவி கார்ட். 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் கொம்பியூட்டரிலேயே காட்டுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்த வீடுகளில், இலங்கை தோற்றதற்கும் அவரே பொறுப்பாளி.

அவர் இடறி விழுந்த இடம் ஒன்று உண்டு. 1997இல் வந்த ஏஜிபி கார்டை, 2004 அளவில் கடைக்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் குழிக்குள் இறக்கப் பார்த்தது. "கொஞ்சம் இறுக்கம்" என்று மூச்சைப் பிடித்து அமத்தினார். மாப்பிள்ளை கேட்டு வந்தால் முதலில் தாய்வழிக் குடி விசாரிக்கிற ஊர் நம்முடையது. கலியாணத்துக்கு ஒரே குடி ஆகாது. கார்டுக்கும் குழிக்குமோ ஒரே குடிதான் ஆகும். ஊரில் எல்லாக் குடி வழக்கும் தெரிந்த அண்ணனுக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டிய 2022இல் புதுக் கார்ட் வாங்க யாருக்கும் வழியில்லை. அண்ணன் தளரவில்லை. ஒரு வீட்டில் கழற்றியதை மறுவீட்டில் பூட்டினார். "உங்கட காட் இப்ப ஆரையம்பதியில ஓடுது, நல்ல சுகமா இருக்கு" என்று செய்தியும் கொண்டுவந்தார். கூலி எவ்வளவு என்று கேட்டால் கையை விரிப்பார்: "நம்மட ஆக்களிட்டக் காசு வாங்கேலுமா? இந்தப் பழுதான காட்ட மட்டும் தாங்க, போற வழியில எறிஞ்சிருவன்." அந்தப் பழுதான கார்ட் எந்த வழியில் எறியப்பட்டு, எந்த வீட்டில் புதிதாக எழுந்தது என்பது அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த விலைக்கே தெரியும்.

புறப்படும்போது மூடி சுவரில் சாய்ந்தே நிற்கும். கேட்டால், "காத்துப் படட்டும் மனே, மறுகா பூட்டுவம்." ஸ்குரூ நான்கும் அவருடைய சட்டைப்பையில் போய்விடும். பல்லி திரும்பக் குடிவரும். அண்ணனும் திரும்ப வருவார்.

ஆகவே வாசகரே, திரை இருண்டால் பதற வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியின் இரும்பை ஒருதரம் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்னைப் போக்குங்கள். ஸ்குரூவைக் கழற்றி, கொளுவியை அமத்தி, கார்டை நேராக இழுங்கள். பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, இரு முனையும் சமமாக இறங்கும்படி செருகுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் அண்ணனைக் கூப்பிடுங்கள், தேத்தண்ணியும் கொடுங்கள். பழைய கார்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.